16 வயதில் 3 தோட்டங்கள்: எலைசா பிங்க்னியும் அவருடைய நீலமும்

உங்கள் அலமாரியில் ஒரு நீல ஜீன்ஸாவது இருக்கும். அந்த நீலத்துக்குப் பெயர் இண்டிகோ. பெயரிலேயே இந்தியா இருக்கு பாருங்க. இந்தியாவிலிருந்து வரும் சரக்கு என்ற பொருளில் கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. அந்தச் செடிக்குத் தமிழில் அவுரி என்று பெயர். திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது.

இப்போது ஜீன்ஸுக்குப் போடும் நீலம் பெரும்பாலும் ரசாயன ஆலையில் தயாராகிறது. 1700களில் அப்படி எதுவும் கிடையாது. செடியை வெட்ட வேண்டும், ஊறவைக்க வேண்டும், நாற்றத்தைத் தாங்க வேண்டும். அப்புறம்தான் நீலம்.

அந்தச் செடியை வைத்து அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவைப் பணக்கார மாநிலமாக்கியவர் என்று ஒரு பெண்ணைச் சொல்வார்கள். பெயர் எலைசா லூக்கஸ் பிங்க்னி. வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 16. அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் பல காலமாக இருக்கும் கதை இது. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீலத்தை எடுத்தது யாருடைய கை என்று கேட்டால், கதை கொஞ்சம் மாறும்.

யார் இந்த எலைசா?

1722 டிசம்பர் 28ஆம் தேதி, கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் லூக்கஸ் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. கரும்புத் தோட்டம் உள்ள குடும்பம். கரும்புத் தோட்டம் என்றால் அந்தக் காலத்தில் அடிமைகள் என்றும் அர்த்தம். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

நம்மில் பலருக்குத் தோட்டம் என்றதும் ரப்பர், செம்பனை, லயம், கங்காணி, கிராணி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். தாத்தா பாட்டி சொன்ன கதைகள் வரும். அந்த வாழ்க்கையும் கஷ்டமானதுதான். ஆனால் அதில் எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் சம்பளம் என்று ஒன்று இருந்தது. எலைசாவின் உலகத்தில் தொழிலாளியே முதலாளியின் சொத்து. அவருக்குப் பிறக்கும் பிள்ளையும் சொத்து. உயிலில் மாட்டுக்கும் மேசைக்கும் நடுவில் அவர்கள் பெயர் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எலைசாவை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அந்தக் காலத்தில் மகன்களைத்தான் அனுப்புவார்கள். மகளையும் அனுப்பியது கொஞ்சம் புதுசு. பிரஞ்சு, இசை எல்லாம் கற்றார். அவருக்கு மிகவும் பிடித்தது செடிகொடி பற்றிய பாடம்.

1738இல் குடும்பம் தெற்குக் கரோலைனாவுக்குக் குடிவந்தது. அங்கே அவர்களுக்கு 3 தோட்டங்கள். குடியிருந்தது வாப்பூ ஓடைக்கரையில் இருந்த 600 ஏக்கர் தோட்டத்தில். மற்ற இரண்டும் பெரியவை. ஒன்று 1,500 ஏக்கர், இன்னொன்று 3,000 ஏக்கர் நெல் தோட்டம். வாப்பூவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்குச் சாலை வழியாகப் போனால் 17 மைல். படகில் போனால் 6 மைல்தான். சாலையை விட ஆறு வேகமாக இருந்த ஊர் அது.

அப்பா கிளம்பிவிட்டார்

1739இல் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. ராணுவ அதிகாரியான அப்பா ஆன்டிகுவாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை. தம்பிகள் இருவரும் இங்கிலாந்தில் பள்ளியில். தங்கை சின்னப் பெண். மிச்சம் இருந்தது எலைசா மட்டும்தான்.

16 வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பெரும்பாலும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். எலைசா கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து படிப்பார். பிறகு வயலைச் சுற்றிவருவார். மற்ற இரண்டு தோட்டங்களின் மேற்பார்வையாளர்களுக்குக் கடிதம் எழுதுவார். எழுதிய கடிதங்களின் நகலையோ சுருக்கத்தையோ ஒரு நோட்டில் பதிந்துவைப்பார். அந்தப் பழக்கத்தால்தான் இன்று நமக்கு அவரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. அந்தக் கடித நோட்டு தெற்குக் கரோலைனா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது.

சட்டப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, வக்கீல் வைக்க வசதியில்லாத அக்கம்பக்கத்தாருக்கு உயில் எழுதிக்கொடுத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. அப்பா இரண்டு மாப்பிள்ளைகளைச் சொல்லிவிட்டபோது, இருவரும் வேண்டாம் என்று மரியாதையாகவும் தெளிவாகவும் பதில் எழுதினார். அதில் ஒருவர் வயதான பணக்காரர். அப்பா வற்புறுத்தவில்லை. இந்த அப்பாவை எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வருடம் வேறொன்றும் நடந்தது. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அதே வட்டாரத்தில் உள்ள ஸ்டோனோ ஆற்றங்கரையில் சுமார் 20 அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். ஸ்பெயினின் பிடியில் இருந்த ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தால் விடுதலை கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வழியில் இன்னும் பலர் சேர்ந்தார்கள். 20க்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அடிமைகள் தரப்பில் இறந்தவர்கள் அதைவிட அதிகம். உள்ளூர்க் குடிப்படை அதை நசுக்கியது.

அடுத்த வருடமே கடுமையான சட்டம் வந்தது. அடிமைகள் கூட்டமாகச் சேரக்கூடாது, சொந்தமாகப் பயிரிட்டுச் சம்பாதிக்கக்கூடாது, அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கக்கூடாது. அங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். சிறுபான்மையாக இருந்த முதலாளிகளின் பயம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று இந்தச் சட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

இதே காலத்தில்தான் எலைசா வீட்டில் கறுப்பினச் சிறுமிகள் இருவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களை மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக்க வேண்டும் என்பது அவர் திட்டம். சட்டம் தடைசெய்தது எழுதுவதை, வாசிப்பதை அல்ல. அதற்காக அவரை அடிமைமுறையின் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சிறுமிகளும் அவர் குடும்பத்தின் சொத்தாகத்தான் இருந்தார்கள்.

விதை வந்தது, பனி கொன்றது

கரோலைனாவின் பணப்பயிர் நெல். போர் வந்ததும் கப்பல் போக்குவரத்து சிக்கலானது, காப்பீட்டுச் செலவு ஏறியது, நெல் விலை விழுந்தது. ஒரே பயிரை நம்பியிருந்தால் ஆபத்து என்பது எலைசாவுக்குப் புரிந்தது. அப்பாவுக்கு எழுதினார். அப்பா தீவிலிருந்து விதைகள் அனுப்பினார். இஞ்சி, பருத்தி, மரவள்ளி, குதிரைமசால், அதோடு அவுரி.

ஏன் அவுரி? பிரிட்டனின் துணி ஆலைகளுக்கு நீலச்சாயம் நிறைய வேண்டியிருந்தது. அதைப் பெரும்பாலும் பிரஞ்சுக்காரர்களின் கரீபியன் தீவுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரஞ்சுக்காரர்களோடு எப்போது வேண்டுமானாலும் போர் வரலாம் என்ற நிலைமை. வேறு எங்கிருந்தாவது கிடைத்தால் லண்டன் வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

முதல் விளைச்சல் முற்றுவதற்குள் பனி விழுந்து அழிந்தது. அடுத்த முறை கொஞ்சம்தான் தேறியது. செடி வளர்ப்பது பாதி வேலைதான். சாயம் எடுக்கத் தெரிய வேண்டும். அதற்கு அப்பா மான்செராட் தீவிலிருந்து நிக்கலஸ் குரோம்வெல் என்ற நிபுணரைச் சம்பளத்துக்கு அனுப்பினார். வந்தவர் தொட்டிகள் கட்டினார், சாயமும் எடுத்தார். ஆனால் தரம் மோசம். ஏன் தெரியுமா? வேண்டுமென்றே சுண்ணாம்பை அதிகமாகக் கொட்டிக் கெடுத்திருக்கிறார். கரோலைனாவில் நீலம் நன்றாக வந்துவிட்டால் தன் தீவின் வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலை அவருக்கு. எலைசா கண்டுபிடித்துவிட்டார். பல வருடம் கழித்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

குரோம்வெல்லுக்குப் பிறகு அவருடைய சகோதரர் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் ஆண்ட்ரூ டெவோ யோசனை சொன்னார். பிரஞ்சுத் தீவுகளில் இந்த வேலை பழகிய ஒரு கறுப்பினத் தொழிலாளியையும் அப்பா அனுப்பிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. பெயர் தெரிந்த குரோம்வெல் சகோதரர்கள் சொதப்பினார்கள். ஒருவழியாக வேலை கைகூடிய நேரத்தில் வந்துசேர்ந்தவருக்கு வரலாற்றில் பெயரே இல்லை.

1744இல் நல்ல விளைச்சல். மாதிரி லண்டனுக்குப் போனது, தரம் சரி என்று பதில் வந்தது. அந்த வருட விதையை எலைசா பூட்டிவைக்கவில்லை. அக்கம்பக்கத் தோட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். வியாபாரப் புத்தி உள்ள யாரும் இப்படிச் செய்வார்களா என்று தோன்றலாம். யோசித்தால் இதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஒரு தோட்டத்துக்காக லண்டன் வியாபாரி கப்பல் அனுப்பமாட்டார். ஊரே விளைவித்தால்தான் சந்தை.

அப்புறம் நடந்ததை எண்களே சொல்லும். 1746 வாக்கில் கரோலைனா ஏற்றுமதி செய்த நீலம் சுமார் 5,000 பவுண்டு எடை, அதாவது 2,300 கிலோ. 1748இல் அது ஏறக்குறைய 130,000 பவுண்டு. அந்த வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒவ்வொரு பவுண்டு நீலத்துக்கும் 6 பென்ஸ் ஊக்கத்தொகை அறிவித்தது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குச் சற்று முன்னால், வருடத்துக்கு 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது. நெல்லுக்கு அடுத்த இடம் நீலத்துக்கு.

தொட்டிக்குள் என்ன நடக்கும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கதையின் இன்னொரு பாதி இங்கேதான் இருக்கு.

அவுரிச் செடி பூக்கும் தறுவாயில் வெட்டுவார்கள். வெட்டியதும் தாமதிக்க முடியாது, உடனே முதல் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, மேலே கட்டை வைத்து அழுத்துவார்கள். பல மணி நேரம் ஊறி நொதிக்கும். நுரை பொங்கும். எப்போது திறக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் திறந்தால் சாயம் இறங்கியிருக்காது, தாமதித்தால் அழுகிக் கெட்டுவிடும். அப்போது வெப்பமானியெல்லாம் யாரிடம் இருந்தது? நிறத்தையும் வாடையையும் பார்த்துத்தான் முடிவு. இரவெல்லாம் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

பிறகு அந்த நீரை இரண்டாவது தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். அங்கே நீளமான துடுப்புகளால் விடாமல் அடிப்பார்கள். காற்று கலக்கக் கலக்க, பச்சை நீர் நீலமாக மாறும். சுண்ணாம்பு நீர் ஊற்றினால் நீலம் அடியில் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் உள்ள சேற்றைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். கெட்டியானதும் சதுரக் கட்டிகளாக வெட்டி நிழலில் காயவைப்பார்கள். பக்குவம் தவறினால் கட்டி வெடித்துவிடும், பூஞ்சை பிடித்துவிடும்.

இதில் ஒவ்வொரு படியையும் செய்தவர்கள் அடிமைகள். நாற்றம் தாங்காமல் முதலாளிகள் தொட்டிகளை வீட்டிலிருந்து தள்ளியே கட்டினார்கள். ஈக்கள் மேகம்போல் மொய்க்கும். அங்கேயே நின்று துடுப்புப் போட்டவர்களுக்குத் தள்ளிப்போக வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. நெல்லுக்குத் தாழ்ந்த சதுப்பு நிலம், அவுரிக்கு மேட்டு நிலம். வேலைப் பருவங்களும் பெரும்பாலும் மோதாது. முதலாளிக்கு இது இரட்டை லாபம். அதே நிலம், அதே ஆட்கள், கூடுதலாக ஒரு பயிர். அந்த ஆட்களுக்கோ, நெல் வேலை ஓய்ந்த நேரத்தில் கிடைத்த கொஞ்ச மூச்சும் போனது. நீலத்தில் வந்த பணம் மறுபடி எதில் போனது? புது நிலம், புது அடிமைகள். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்கள் கூடிக்கொண்டே போயின.

பெயர் தெரிந்த ஒருவர்: குவாஷ்

லூக்கஸ் குடும்பத்தின் அடிமைகளில் குவாஷ் என்ற தச்சர் ஒருவர் இருந்தார். கலப்பினத்தவர், கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஒரு சமயம் ஃபுளோரிடாவுக்குத் தப்பி ஓடத் திட்டமிட்டதாக அவர்மீது குற்றச்சாட்டு வந்தது. ஸ்டோனோ கலவரத்துக்குப் பிந்தைய காலம் அது. அந்தக் குற்றச்சாட்டில் மாட்டினால் உயிர் மிஞ்சுவது கடினம். விசாரணைக்கு எலைசா நேரில் போனார். குவாஷ் நிரபராதி என்று முடிவானது.

பிறகு ஞானஸ்நானம் பெற்று ஜான் வில்லியம்ஸ் என்ற பெயரை ஏற்றார். சார்ல்ஸ்டன் கடற்கரையோரம் பிங்க்னி குடும்பம் கட்டிய பெரிய மாளிகையின் மரவேலைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1750இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் கீழ் இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் இப்படி வெளியே வர முடிந்தவர்கள் மிகமிக அபூர்வம்.

மற்றவர்கள்? எலைசாவின் இன்னொரு கடிதத்தில் அவர் வீட்டு வேலைகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தன என்று வருகிறது. சமையலும் படுக்கை விரிப்பதும் மேரி ஆன். ரொட்டி சுடுவது டாஃப்னி. கோழிகளையும் மாட்டுத் தீனியையும் கவனிப்பது மூத்த எபா. விறகும் தண்ணீரும் சின்ன எபா. துவைப்பதும் பால் கறப்பதும் பெக். நண்பகல் வரை வெளிவேலை, பிறகு வீட்டுவேலை மோசஸ். ஒரு வீட்டைச் சுமந்தவர்கள் ஒரு பத்தியில் அடங்கிவிட்டார்கள். அவர்கள் பக்கத்துக் கடித நோட்டு எதுவும் கிடையாது.

கல்யாணம், பிள்ளைகள்

1744 மே மாதம் எலைசாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை சார்ல்ஸ் பிங்க்னி, பக்கத்துத் தோட்டக்காரர், வழக்கறிஞர், சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர். எலைசாவுக்கு 21 வயது, அவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அவருடைய முதல் மனைவி அந்த வருடத் தொடக்கத்தில்தான் இறந்திருந்தார். அந்த அம்மையார் எலைசாவின் நெருங்கிய தோழியும்கூட. எலைசாவுக்குப் புத்தகங்கள் இரவல் கொடுத்துவந்ததே பிங்க்னிதான். அப்பா சொன்ன பணக்கார மாப்பிள்ளையை வேண்டாம் என்றவர், தானாகத் தேர்ந்தெடுத்ததும் வயதில் மூத்தவரைத்தான். இந்த முறை பேச்சுத்துணை கிடைத்தது.

அம்மாவும் தங்கையும் ஆன்டிகுவாவுக்குத் திரும்பினார்கள். அப்பாவை எலைசா மறுபடி பார்க்கவே இல்லை. 1747இல் பிரஞ்சுக்காரர்களின் பிடியில் கைதியாக இறந்தார். அவருடைய கடனுக்காக அடமானத்தில் இருந்த வாப்பூ தோட்டமும் கைவிட்டுப்போனது.

பிறந்த பிள்ளைகள் நால்வர். மூத்தவர் சார்ல்ஸ் காட்ஸ்வர்த், 1746. அடுத்த ஆண் குழந்தை பிறந்த சில நாளிலேயே இறந்தது. பிறகு மகள் ஹாரியட், கடைசியாக 1750இல் தாமஸ். மூத்த மகன் பேசத் தொடங்கும் முன்பே, எழுத்துகளை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க எலைசா இங்கிலாந்திலிருந்து பொம்மை தேடினார். அப்பா எழுத்து வடிவங்களையே விளையாட்டுச் சாமானாகச் செய்துகொடுத்தார். இரண்டு வயதுக்குள் எழுத்துக்கூட்டிவிட்டான் என்று பெருமையாகக் கடிதம். துணைப்பாட வகுப்புக்கு ஆள் தேடும் நம்ம ஊர் அம்மாக்களுக்கு இது ரொம்பப் பழக்கமான காட்சி!

கடலுக்கு அந்தப் பக்கம்

1753இல் குடும்பமே இங்கிலாந்துக்குப் போனது. கரோலைனா பட்டில் நெய்த துணியைக் கையோடு கொண்டுபோனார் எலைசா. அவுரியோடு நில்லாமல் பட்டுப்புழுவும் வளர்த்துப் பார்த்திருந்தார். வேல்ஸ் இளவரசி அகஸ்டாவைச் சந்தித்து நெடுநேரம் பேசினார். அந்த இளவரசியின் மகன்தான் பிறகு மூன்றாம் ஜார்ஜ் மன்னரானார். அவருடைய படைக்கு எதிராக எலைசாவின் மகன்கள் துப்பாக்கி தூக்கப்போகிறார்கள் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

1758இல் தம்பதி ஹாரியட்டை மட்டும் அழைத்துக்கொண்டு கரோலைனா திரும்பினார்கள். 12 வயது சார்ல்ஸையும் 7 வயது தாமஸையும் பள்ளியில் விட்டுவந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்பது நினைப்பு. ஊர் வந்த சில வாரங்களிலேயே கணவருக்கு மலேரியா. ஜூலை 12ஆம் தேதி இறந்துபோனார்.

35 வயதில் விதவை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கப்பலில் போகும் ஒரு கடிதத்தில்தான் சொல்ல முடிந்தது. அது போய்ச் சேரவே வாரக்கணக்காகும். கவனிப்பார் இல்லாமல் கிடந்த தோட்டங்கள், கடன்கள், அடிமைகள் எல்லாவற்றையும் அவர் மறுபடி கையில் எடுத்தார். அந்தக் காலத்துச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தச் சொத்துரிமை ஏறக்குறைய கிடையாது. 16 வயதில் அப்பாவுக்காக நடத்தினார், 21 வயதிலிருந்து எல்லாம் கணவர் பெயரில். விதவையானபோதுதான் தன் பெயரில் முடிவெடுக்க முடிந்தது.

மூத்த மகன் 1769இல்தான் திரும்பினார். போகும்போது சிறுவன், வரும்போது ஆக்ஸ்ஃபோர்டில் படித்த 23 வயது வழக்கறிஞர். 11 வருடம். தாமஸ் ஊரில் நிலையாகத் தங்க இன்னும் சில வருடங்கள் பிடித்தன. காணொளி அழைப்பு உள்ள காலத்தில் இந்தத் தூரத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எலைசாவின் பிள்ளைகள் படிப்புக்காகப் பிரிந்தார்கள், கடிதம் வந்தது, திரும்பியும் வந்தார்கள். அவர் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று சட்டம் இருந்தது. விற்றால் கடிதமும் இல்லை, திரும்புதலும் இல்லை.

போர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது

சுதந்திரப் போர் வந்தபோது இங்கிலாந்தில் வளர்ந்த அந்த இரண்டு மகன்களும் அமெரிக்கப் பக்கம். 1780 மே மாதம் சார்ல்ஸ்டன் வீழ்ந்தபோது மூத்தவர் பிரிட்டிஷாரிடம் கைதியானார். ஆகஸ்டில் கேம்டன் சண்டையில் தாமஸின் கால் சிதைந்தது, அவரும் கைதி. மருமகன் டேனியல் ஓரி சொத்தைக் காப்பாற்ற பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்தார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கட்சி.

தோட்டங்கள் சூறையாடப்பட்டன. அடிமைகளில் சிலரைப் பிரிட்டிஷ் படை கூட்டிப்போனது. சிலர் விடுதலை கிடைக்கும் என்று தாங்களே போனார்கள். 10 லட்சம் பவுண்டு நீல வியாபாரத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பெயர் பெற்றவரால், போர் முடியும் தறுவாயில் 60 பவுண்டு கடனைக்கூட அடைக்க முடியவில்லை.

சுதந்திரம் கிடைத்தது, ஊக்கத்தொகை போனது. அதைக் கொடுத்தது பிரிட்டன் அல்லவா? கரோலைனா இனி வெளிநாடு. பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி நீலத்துக்கு வங்காளத்தைப் பார்த்தது. அங்கே விவசாயிகளை முன்பணத்தில் மாட்டி அவுரி போடவைத்த கொடுமை தனிக்கதை. 1859இல் வங்காளத்தில் வெடித்த நீலக் கிளர்ச்சியும், 1917இல் காந்தி போய் நின்ற சம்பாரணும் அதன் தொடர்ச்சிதான். நீலம் இந்தியாவிலிருந்து பெயர் வாங்கி, உலகத்தைச் சுற்றி, இந்தியாவுக்கே திரும்பியது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

தாமஸ் மாநில ஆளுநரானார், பிறகு பிரிட்டனுக்கான தூதர். 1795இல் ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டு மிசிசிப்பி ஆற்றில் அமெரிக்கப் படகுகளுக்கு வழி வாங்கித் தந்தார். ஹாரியட் கணவர் இறந்தபின் அம்மாவைப் போலவே ஹாம்ப்டன் தோட்டத்தைத் தனியாக நடத்தினார். கடைசிக் காலத்தில் எலைசா தங்கியது இந்த மகளோடுதான். 1791 மே 1ஆம் தேதி அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அங்கே வந்து காலை உணவு சாப்பிட்டார். வீட்டு முன்னால் நின்ற கருவாலி மரத்தை வெட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். இது அந்த ஊர்க்கதை. மரம் நிஜம்.

மூத்தவர் சார்ல்ஸ் காட்ஸ்வர்த்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். 1787இல் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1804, 1808 இரண்டு முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் அவர் ஜெயித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1800 வரை தடுக்கக்கூடாது என்று ஒரு சமரசம் மாநாட்டில் பேசப்பட்டபோது, அதை 1808 வரை நீட்டிக்க முன்மொழிந்தவர் இவர்தான். அது நிறைவேறியது. அந்தக் கூடுதல் 8 ஆண்டுகளின் கடைசிக் கட்டத்தில், 1803 முதல் 1807 வரை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மட்டும் ஏறக்குறைய 40,000 ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள்.

பொம்மை எழுத்தில் படிக்கக் கற்ற அதே பிள்ளை.

கடைசிப் பயணம்

1793இல் எலைசாவுக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சைக்காக அப்போதைய தலைநகர் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலில் போனார். மே 26ஆம் தேதி அங்கேயே காலமானார். வயது 70. வாஷிங்டன் தாமே கேட்டுக்கொண்டு பேழையைச் சுமந்தவர்களில் ஒருவராக வந்தார். அங்கே புனித பீட்டர் தேவாலயத்தில் அடக்கம்.

அதே வருடம் ஈலை விட்னி பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கரோலைனா முதலாளிகள் பருத்திக்கு மாறினார்கள். நீலத் தொட்டிகள் புல் மண்டிப் போயின. துடுப்புப் பிடித்தவர்களின் பிள்ளைகள் பருத்திக் காட்டுக்குப் போனார்கள்.

1989இல் தெற்குக் கரோலைனாவின் வணிகப் பிரமுகர்கள் பட்டியலில் எலைசாவின் பெயர் சேர்ந்தது, பெண்களில் முதல் பெயராக. குவாஷ் மரவேலை செய்த அந்தக் கடற்கரை மாளிகையை இப்போது நீங்கள் சார்ல்ஸ்டன் போனாலும் பார்க்க முடியாது. 1861 டிசம்பரில் நகரில் பரவிய பெருந்தீயில் எரிந்துபோனது. அதற்கு 8 மாதம் முன்னால்தான், அதே துறைமுகத்தில், அடிமைமுறைக்கு முடிவுகட்டிய உள்நாட்டுப் போரின் முதல் பீரங்கி வெடித்திருந்தது.